நாப்பி வைத்த முட்டை

அரியலூர்
16-5-1976

தம்பி பஞ்சநாதனுக்கு அக்கா கமலவேணி எழுதுவது.

சுகமா என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் உன் கடையில் தின்ற முட்டை இன்னும் என் தொண்டையில் ஏறி இறங்குகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் நாத்தனார் கொளஞ்சியம்மாளை உனக்குத் தெரியும். உடையார்பாளையத்திலிருந்து அவர் வந்துவிட்டால் உன் மாமா சட்டை மாற்றுவதற்குக்கூட அக்காவைக் கேட்டுக்கொண்டுதான் மாற்றுவார். அவருக்குச் சிறுவாச்சூர் அம்மனிடம் ஒரு வேண்டுதல். என் தம்பி கடை அங்கேதான் இருக்கிறது, வியாழனே போய்த் தங்கி வெள்ளிக்கிழமை காலையில் கும்பிடலாம் என்று வாயைக் கொடுத்தவள் நான். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் பெண்டாட்டி சாந்தா பர்மாவில் பிறந்தவள், கப்பலில் அகதியாக வந்தவள் என்பதையெல்லாம் நான் அவரிடம் எத்தனை நாளாகப் பூசி மெழுகி வைத்திருந்தேன் தெரியுமா? அவள் வந்தாள், தட்டில் சுடச்சுட எதையோ வைத்தாள். முட்டையைப் பஜ்ஜி மாவில் முக்கிப் பொரித்தது. நாத்தனார் தின்று பார்த்துவிட்டு, "ஏம்மா கமலம், உன் தம்பி பொண்டாட்டிக்கு நல்ல கைப்பக்குவம்" என்றார். இரண்டு தின்றார். மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார். அப்புறம் கை கழுவக் கொல்லைக்குப் போனவர் கையைக் கழுவிவிட்டு வந்திருக்கலாம். சுவரோரம் துணி கட்டி வைத்திருந்த ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டார்.

அந்த நாற்றத்தை நான் எப்படி எழுதுவேன்! செத்த எலியைத் தேடி அலமாரியை நகர்த்தும்போது வருமே, அதுபோல நாலு பங்கு. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கூழ், மேலே நுரை. இது என்ன என்று கேட்டால் உன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "நாப்பிங்க. கூனி இறாலை உப்புப் போட்டு இடிச்சு, ரெண்டு மாசம் ஜாடியில ஊற விடறது. அதுல கொஞ்சம் வச்சுத்தான் முட்டைக்குள்ள பூரணம்."

பூரணமாம்! அழுகிப்போனதை முட்டைக்குள் ஒளித்து வைத்து மனிதர்களுக்குக் கொடுப்பதற்குப் பெயர் பூரணமா?

நாத்தனார் அங்கேயே குனிந்தார். தின்றது எல்லாம் உன் கொல்லையில் கிடந்தது. அதற்கு மேல் ஒரு நிமிஷம் அங்கே நிற்க மாட்டேன் என்றுவிட்டார். வேண்டுதலும் போச்சு. பஸ்ஸிலும் ஜன்னலோரம் அதே கதி. என் மகள் பஞ்சவர்ணத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பொண்ணு வயித்துல அது தங்கக் கூடாது" என்றார் நாத்தனார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சுவரோரம் அவள் தலையை அழுத்திப் பிடித்து, நானே அவள் தொண்டைக்குள் விரலை விட்டு அத்தனையையும் வெளியே எடுத்தேன். நாலு தடவை. அழுதாள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது.

இப்போது கேட்டுக்கொள். பஞ்சவர்ணத்துக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷி ஆகப் போகிறாள். அவளுக்குப் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டவும், சீர்த் தட்டு தூக்கி வரவும் தாய்மாமன் என்று நீ ஒருவன்தான். நாத்தனாரோ, "அந்த ஜாடி இருக்கற வூட்டுலேருந்து தட்டு வந்தா நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்று உன் மாமா முன்னால் சொல்லிவிட்டார்.

ஜாடியை உடை. உடைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

கமலவேணி


சிறுவாச்சூர்
22-5-1976

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உன் நாத்தனார் மூன்று தின்றதை நீயே ஒப்புக்கொண்டு எழுதியதற்கு நன்றி. கடையில் மாட்டி வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

அருவருப்பு உனக்கு மட்டும் வந்ததாக நினைத்துக்கொள்ளாதே. கல்யாணமான புதிதில் திருச்சியில் சாந்தா அந்த ஜாடியை முதல்முதல் திறந்த அன்று நான் மூன்று வீடு தள்ளிப் போய் நின்றேன். "இதைத் தூக்கிக்கிட்டு உங்கப்பன் வீட்டுக்கே போ" என்று கத்தினேன். அவள் போகவில்லை. இன்று வரை அந்த ஜாடிக்குப் பக்கத்தில் போனால் எனக்கு வயிற்றைப் புரட்டும். நாய்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

அவர்கள் ஊரில் அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் நாப்பியும் உள்ளே வைத்து அப்படியே கொடுப்பார்களாம். எனக்கு மூக்கை வைக்க முடியவில்லை. நாற்றத்தை மூடிவிடலாம் என்று நான்தான் ஒரு நாள் அதைப் பஜ்ஜி மாவில் முக்கி எண்ணெயில் போட்டேன். எண்ணெயில் என்ன நடந்ததோ தெரியாது. வெளியே எடுத்தபோது நாற்றம் போய் வேறு ஒரு வாசனை வந்தது. நானே நாலு தின்றேன். அதற்குப் பிறகுதான் இங்கே வந்து கடை போட்டோம். மெட்ராஸ் போகிற லாரிக்காரர்கள் "பர்மா முட்டை" என்று பெயர் வைத்து, பசி இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்துகிறார்கள். திங்களும் வெள்ளியும் அம்மனைப் பார்க்கக் கூட்டம் வரும் நாள், அன்று எங்கள் சட்டியில் முட்டை ஏறாது. அந்த மரியாதை பர்மாக்காரிக்குத் தெரியும்.

உன் நாத்தனார் எடுத்த வாந்தியை அள்ளி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியவள் சாந்தா. நான் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "பெரியவங்க, பாவம், ஜாடியை உள்ள வச்சிருக்கணும், என் தப்புதான்" என்றாள்.

எனக்குக் குமட்டியது உன் கடிதத்தில் ஓர் இடம்தான். ஆசையாகத் தின்ற பிள்ளையின் தலையை அழுத்தித் தொண்டையில் விரலை விட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, நாலு தடவை என்று கணக்கு வேறு. பெற்றவள் செய்கிற காரியமா அது? யாருக்காக?

ஜாடி உடையாது. அதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. பஞ்சவர்ணத்துக்கு ஓலை வெட்டப் போகிறவனும் நான்தான். நீ ஒரு கார்டு போட்டால் போதும்.

பஞ்சநாதன்


சிறுவாச்சூர்
26-8-1976

கமலவேணிக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

தா.பழூரிலிருந்து நெல் ஏற்றிப்போகும் டிரைவர் மாயவன் நேற்று கடைக்கு வந்தான். முட்டையைக் கடித்துக்கொண்டே, "என்னண்ணே, உங்க அக்கா மக பெரிய மனுசி ஆயிட்டாளாம், எங்கூரு அய்யாக்கண்ணு ஓலை கட்டிட்டு வந்துட்டாரு, நீங்க போவலையா?" என்றான். நான் சட்டி முன்னால் கரண்டியோடு நின்றேன். எண்ணெயில் கிடந்த ஆறு முட்டையும் கரிந்து போனது.

அய்யாக்கண்ணு நம் சித்தப்பா மகன். உனக்குத் தம்பி முறைதான். ஊர் பார்க்க முறை தவறவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் இல்லாமல் போனால்தானே அப்படி ஒருவரைத் தேடி நிறுத்துவார்கள்? நான் என்ன செத்தா போய்விட்டேன்? பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்து சேரும் தூரத்தில் உட்கார்ந்து முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சவர்ணத்துக்கென்று சாந்தா சித்திரையிலேயே வாங்கி வைத்த நீலத் தாவணி டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "என்னாலதானே" என்று மட்டும் கேட்டாள். மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

நாப்பி நாறுகிறது என்றாயே. உன் பெயரை நினைத்தாலே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

பஞ்சநாதன்


அரியலூர்
31-8-1976

தம்பி,

நீ எழுதியது அத்தனையும் எனக்குத் தகும். ஆனால் என் வீட்டில் முடிவு எடுப்பவள் நான் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி காலையில் பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். அன்று மத்தியானமே நாத்தனார் வந்து இறங்கிவிட்டார். நான் உனக்கு எழுதிய கார்டு இரண்டு நாள் முந்தானையில் முடிந்து கிடந்து, அப்புறம் அடுப்புக்குப் போனது. எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் நிஜம்.

இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக.

பெரிய மனுஷி ஆன பெண்ணுக்குக் காலையில் பச்சை முட்டை ஊற்றுவார்களே, அதைத்தான் செய்தோம். நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் விடுவது, அதே ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி மேலே ஊற்றுவது. இடுப்புக்குப் பலம். எனக்கு அம்மா ஊற்றியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். நீ ஓலைக்கு வெளியே நின்று சிரித்தாய்.

பஞ்சவர்ணம் விழுங்கவில்லை. முதல் நாள் உதட்டில் பட்டதுமே என் புடவை முழுக்க வாந்தி. பழகிவிடும் என்றார் நாத்தனார். மறுநாள் அவர் மூக்கைப் பிடித்துக்கொள்ள நான் ஊற்றினேன். மஞ்சள் கரு உள்ளே போகும், அதே வேகத்தில் திரும்பி வரும். வெள்ளைக்கரு நூல் மாதிரி தாடையிலிருந்து மடி வரை தொங்கும். அதன்மேல் எண்ணெய். பதிமூன்று நாள் இதேதான், தம்பி. ஓலைக் குடிசைக்குள் பச்சை முட்டையும் எண்ணெயும் வாந்தியும் கலந்து புளித்துக் கிடக்கிறது. எவ்வளவு கழுவினாலும் ஈ போகவில்லை. நாப்பியைச் சொன்ன வாயால் சொல்கிறேன், இது அதைவிடக் கேவலமான நாற்றம். இதை நான் என் கையால் உண்டாக்கினேன்.

இப்போது உளுந்தங்களி இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை. பிசைந்து எடுத்துக்கொண்டு நான் குனிந்து உள்ளே போனாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்கிறாள். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டியது, எழுந்து நிற்க முடியாதவளுக்கு எப்படி ஊற்றுவது என்று முப்பதாம் நாளுக்குத் தள்ளிவிட்டோம். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை, பிடித்ததைக் கொடுங்கள் என்றார். என்னடி பிடிக்கும் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாமா கடை முட்டை" என்றாள்.

கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது. சாந்தாவிடம் சொல்லி அந்த நாப்பி இல்லாமல், வெறும் வெங்காயம் வைத்து நாலைந்து செய்து யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா? நீ வர வேண்டாம். நீ வந்தால் நாத்தனார் கிளம்பிவிடுவார், உன் மாமா என்னை உயிரோடு விடமாட்டார். முட்டை மட்டும் வரட்டும்.

கமலவேணி


சிறுவாச்சூர்
4-9-1976

கமலவேணிக்கு,

தம்பி வரக் கூடாது, அவன் வீட்டு முட்டை மட்டும் வர வேண்டும். சாந்தாவின் கை ஆகாது, அந்தக் கை பொரித்தது ஆகும். இப்படி எழுதிவிட்டு உனக்குச் சோறு இறங்குகிறதா? கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். சாந்தா பிடுங்கிப் படித்தாள். பச்சை முட்டை ஊற்றிய இடம் வந்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஜாடிக்கு முகம் சுளிக்காதவளுக்கு உன் கடிதம் குமட்டியது.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நானாக இருந்தால் ஒன்றும் அனுப்பியிருக்க மாட்டேன்.

"பொரிச்ச முட்டை பஸ்ல போனா நமுத்துப் போயிடும். நாப்பி இல்லாம செஞ்சா அது பாப்பா கேட்ட முட்டையும் இல்ல. உங்க அக்காவே பொரிக்கட்டும். முட்டையை அவிச்சு, உரிச்சு, முழுசாப் பிளந்துடாம ஒரு பக்கம் கீறிக்கணும். வெங்காயத்தையும் பூண்டையும் மெல்லிசா அரிஞ்சு செவக்கப் பொரிக்கணும். பொட்டுக்கடலைப் பொடி ஒரு கை, மிளகாய்ப்பொடி, கெட்டிப் புளித்தண்ணி, சுண்டைக்காய் அளவு நாப்பி. எல்லாத்தையும் கையாலதான் பிசையணும், கரண்டி ஆகாது. நாறும். நாறட்டும். நாறுதுன்னு பயந்து நாப்பியைக் குறைச்சிடக் கூடாது. பூரணத்தை உள்ள அடைச்சு, கடலை மாவுல முக்கி எண்ணெயில போட்டப்புறம்தான் அடங்கும். அது வரைக்கும் பொறுத்துக்கணும்."

ஒரு சின்ன பாட்டிலில் நாப்பி போட்டு, மெழுகு வைத்து அடைத்து, வாழைச்சருகு சுற்றி, அதன்மேல் சாக்குத் துணி தைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அப்படியும் கண்டக்டர் அரியமுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, பொணம் கிணம் அனுப்பறீங்களா?" என்று கேட்டார், திங்கட்கிழமை கூரைமேல் ஏற்றித்தான் கொண்டுபோவேன் என்றார். நம் ஊர்க்காரர் என்பதால் அந்த மட்டும் ஒப்புக்கொண்டார்.

உன் வீட்டு அடுப்பில், உன் கையால், உன் நாத்தனார் மூக்குக்கு நேராகச் செய். முடியாவிட்டால் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடு. நான் வரவில்லை. நீ கூப்பிடாமல் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

பஞ்சநாதன்


அரியலூர்
9-9-1976

தம்பி பஞ்சநாதனுக்கு,

திங்கட்கிழமை பார்சல் வந்தது. தையலைப் பிரிக்கும்போதே நாத்தனார் வாசலுக்கு வந்துவிட்டார். "கமலம், இது இந்த வூட்டு அடுப்புல ஏறினா நான் இங்க இருக்க மாட்டேன்" என்றார். உன் மாமா என்னைப் பார்த்தார். ஓலைக்குள் பிள்ளை கிழிந்த துணி மாதிரி கிடக்கிறாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று நாத்தனாரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உன் மாமா அவரைப் பஸ் ஏற்றப் போனவர், திரும்பி வந்தும் வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சாந்தா சொன்னபடியே செய்தேன். மெழுகை எடுத்ததும் எனக்கு இரண்டு தடவை ஓங்கரித்தது. வாசலுக்கு ஓடிப் போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, பிசைவதற்குக் கையை விட்டேன் பார், கொழகொழவென்று விரலிடுக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை ஒரு பெண் தினமும் சிரித்துக்கொண்டே செய்கிறாளே என்று நினைத்தேன். மரியாதையாக நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எப்படித்தான் முடிகிறதோ என்று நினைத்தேன். எண்ணெயில் போட்டதும் அவள் சொன்னது மாதிரியே அடங்கியது. ஆனால் என் கையில் அடங்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாக எடுத்தாள். ஒன்று தின்றாள். வாந்தி வரவில்லை. இரண்டாவதும் தின்றாள்.

"ஏண்டி, பச்சை முட்டை இறங்கல, களி இறங்கல, நான் பிசைஞ்சு குடுத்த சோறு இறங்கல, இது மட்டும் எப்படி இறங்குது?" என்று கேட்டேன்.

"முட்டை ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள். "உன் விரல் வாய்கிட்ட வந்தா எனக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருது. உடனே தொண்டைக்குள்ள நுழையற மாதிரி இருக்கு."

பதிமூன்று நாள் அதே விரலால் அவள் உதட்டைப் பிரித்தேன், தம்பி. அவளுக்கு முட்டை ஆகவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். ஆகாதது நான். என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அவள் மெதுவாக நகர்ந்து வந்து முந்தானையை விலக்கி என் கையை வெளியே எடுத்தாள். மூக்கருகில் கொண்டு போய் முகர்ந்தாள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, "அய்யே, சாந்தா அத்தை கை மாதிரி நாறுது" என்றாள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். மூன்றாவது முட்டையைப் பிட்டு ஒரு துண்டை என் விரலில் வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

ஊட்டினேன்.

அய்யாக்கண்ணு கட்டிய ஓலையை நேற்று நானே பிரித்துப் போட்டுவிட்டேன். வருகிற வியாழக்கிழமை முப்பதாம் நாள். பச்சை ஓலை வெட்டி எடுத்துக்கொண்டு புதன்கிழமையே வந்துவிடு. கூப்பிடுகிறேன், வா. சாந்தாவை அழைத்து வா, அவள் வந்துதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த நீலத் தாவணியும் வரட்டும். உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் மீதி இருந்த முட்டையில் ஒன்றைக் காணோம். நானும் ஒன்று தின்று பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஜாடியைக் கட்டாயம் எடுத்து வரச் சொல், பாட்டில் காலியாகிவிட்டது.

மூன்று நாளாக இந்தக் கைக்குச் சோப்புப் போடவில்லை, போட்டால் மறுபடி வாயைப் பொத்திக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. கடிதத்தில் நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு படி.

உன் அக்கா
கமலவேணி